கார் சப்வூஃபர் அடிக்கலையா, ஆம்ப் ப்ரொடெக்ட்ல நிக்குதா? எதையும் மாத்துறதுக்கு முன்னாடி இதைச் செக் பண்ணுங்க

ரெண்டு மாசமா என் கார்ல சப்வூஃபர் (பேஸ் சத்தத்துக்குன்னே இருக்கிற பெரிய ஸ்பீக்கர்) கொஞ்ச நேரம் அடிக்கும், அப்புறம் நின்னுடும். வால்யூம் குறைச்சா திரும்ப வரும், பேஸ் பலமா வர்ற பாட்டு போட்டா மறுபடி கட். காட்டின இடத்துல ஆம்ப் (ஸ்டீரியோ சிக்னலைப் பெருக்கி சப்வூஃபருக்குக் கொடுக்கிற கருவி) போர்டு போயிடுச்சுன்னு சொன்னாங்க, நம்பி வேற ஆம்ப் வாங்கினேன், அதுலயும் அதே கதை. ஸ்டீரியோல இருந்து ஆம்ப்புக்கு பாட்டு சிக்னல் கொண்டு போற ஆர்சிஏ கேபிள் மாத்தினேன், ஃப்யூஸ் மாத்தினேன். கடைசில ஒரு மல்டிமீட்டர் வாங்கி நானே உக்காந்து பாத்தப்போ தான் தெரிஞ்சது, பிரச்சனை டிக்கி தரையில பெயிண்ட் மேலயே இறுக்கி வச்ச ஒரு எர்த் போல்ட்டு. பழைய ஆம்ப் இன்னைக்கும் நல்லாத்தான் வேலை செய்யுது.

புதுசா செட்டப் போட்டவங்க, பழைய கார் வாங்கி அதுல ஏற்கனவே இருக்கிற சப்வூஃபரோட மல்லுக்கட்டுறவங்க, ரெண்டு பேருக்கும் தான் இதை எழுதுறேன். நான் பாத்த வரைக்கும் ஆம்ப் நிஜமாவே செத்துப் போறது கம்மி, கோளாறு பெரும்பாலும் வயர்ல, எர்த்ல, இல்ல டிக்கியில கட்டாம விட்ட சப்வூஃபர் பெட்டியில தான் இருக்கும். அதனால அளந்து பாக்காம ஒரு பொருளும் வாங்காதீங்க.

1. தொடங்குறதுக்கு முன்னாடி எடுத்து வைக்க வேண்டியது

ஒரு மல்டிமீட்டர் கட்டாயம் வேணும். விலை குறைஞ்சதே போதும், டிசி வோல்ட், ஏசி வோல்ட், ஓம், 10 ஆம்பியர் கரண்ட் இந்த நாலும் அளந்தா சரி. ஒரு நல்ல ஆர்சிஏ கேபிளுக்குக் கொடுக்கிற காசை விட இது பெருசா ஆகாது, ஆனா தேவையில்லாம ஒரு ஆம்ப் வாங்குறதை மிச்சம் பண்ணும். அதோட ஸ்பேனர் செட், உப்புத்தாள், ஒரு ஏஏ பேட்டரி, இன்சுலேஷன் டேப், நாலஞ்சு மீட்டர் மெல்லிசான வயர்.

பேப்பர் விஷயத்துல ஆம்ப் மேனுவல், சப்வூஃபர் மேனுவல், பில் மூணும் முக்கியம். மேனுவல் தொலைஞ்சிருந்தா மாடல் நம்பரை வச்சு டவுன்லோட் பண்ணிக்கங்க, ஏன்னா குறைந்தபட்சம் எத்தனை ஓம் தாங்கும்ங்கிறது அதுல தான் இருக்கும், அது தெரியாம 5-ஆவது ஸ்டெப்புக்குப் போகவே முடியாது.

நேரம்: கோளாறு கண்டுபிடிக்க ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க. பெட்டியைக் கட்ட தனியா ஒரு மூணு மணி நேரம். ரெண்டையும் ஒரே நாள்ல அவசரமா முடிக்கணும்னு பாக்காதீங்க, கடைசி அரை மணி நேர அவசரத்துல தான் ஸ்பேனர் தவறி பேட்டரி மேல விழும்.

வயரைக் கழட்டுறப்போ எல்லாம் முதல்ல பேட்டரியோட நெகட்டிவைக் கழட்டுங்க, மாட்டுறப்போ நெகட்டிவ் கடைசி. சில கார் ஸ்டீரியோ பேட்டரி கழட்டினா பாஸ்வேர்டு மாதிரி ஒரு கோடு நம்பர் கேக்கும், அது கையில இருக்கான்னு பாத்துட்டுக் கழட்டுங்க. இன்னொன்னு, சீட்டுக்கு அடியிலயோ ஸ்டீரிங் பக்கமோ மஞ்சள் கலர் கவர்ல, மஞ்சள் கனெக்டரோட போற வயர் ஏர்பேக்கோடது, அதை மீட்டர் வச்சுக் கூட தொடாதீங்க.

2. ஆம்ப் லைட் எரியுதா? மூணு வயரை மட்டும் அளங்க

லைட்டே எரியலன்னா ஆம்ப் செத்துச்சுன்னு அர்த்தம் இல்ல. ஆம்ப் உயிரோட இருக்க மூணு வயர் வேணும்: பேட்டரியில இருந்து வர்ற பிளஸ், பாடி எர்த், ஆம்ப்பை ஆன் பண்ணச் சொல்லி ஸ்டீரியோல இருந்து வர்ற ரிமோட் வயர். மீட்டரை டிசி 20 வோல்ட்ல வச்சு, கறுப்பு முனையை ஆம்ப்போட எர்த் டெர்மினல்ல வச்சுக்கங்க.

சிவப்பு முனையை பிளஸ்ல வச்சா, இன்ஜின் ஆஃப்ல நல்லா சார்ஜ் ஆன பேட்டரின்னா 12.6 வோல்ட் பக்கம் காட்டணும், இன்ஜின் ஓடுறப்போ பொதுவா 13.8-ல இருந்து 14.4. ஒண்ணுமே காட்டலன்னா பேட்டரிக்கிட்ட இருக்கிற ஃப்யூஸைப் பாருங்க. கண்ணால பாத்து நல்லாருக்குன்னு விட்றாதீங்க, ஃப்யூஸோட ரெண்டு முனையிலயும் தனித்தனியா வோல்ட் அளங்க, ஒரு பக்கம் 12 இருந்து மறுபக்கம் இல்லன்னா போயிடுச்சு. ஃப்யூஸ் நல்லாருந்தும் ஹோல்டர்ல ஸ்க்ரூ லூஸா இருந்து சூடாகி பிளாஸ்டிக் உருகிப் போறதும் உண்டு, நானே ஒரு நண்பரோட கார்ல பாத்தேன்.

அடுத்து ரிமோட். ஸ்டீரியோ ஆன்ல இருக்கிறப்போ 12 வோல்ட் பக்கம் வரணும், ஆஃப் பண்ணா போகணும். இங்க தான் புதுசா வர்றவங்க மாட்டிக்கிற ஒரு பொறி இருக்கு. தனியா வாங்கி மாட்டுற ஸ்டீரியோவுக்குப் பின்னாடி பெரும்பாலும் ரெண்டு நீல வயர் இருக்கும், வெள்ளைக் கோடு போட்ட நீலம் தான் ஆம்ப்புக்கு, வெறும் நீலம் ஆண்டெனாவுக்கு. ஆண்டெனா வயர்ல மாட்டிட்டா சில செட்ல ரேடியோ போட்டா மட்டும் சப்வூஃபர் அடிக்கும், புளூடூத்ல பாட்டு போட்டா நின்னுடும். இதை ஆம்ப் கோளாறுன்னு நினைச்சு அலையறவங்க நிறைய.

பிளஸ், ரிமோட் ரெண்டும் சரியா இருந்தும் லைட் எரியலன்னா ஆம்ப் மேலயே இருக்கிற பிளேடு ஃப்யூஸ் பாருங்க. அதுவும் சரின்னா எர்த்.

3. எர்த், என்னோட ரெண்டு மாசம் இதுல தான் போச்சு

மத்ததெல்லாம் வேகமா படிச்சாலும் இதை நிதானமா படிங்க.

சத்தம் இல்லாதப்போ அளந்தா எர்த் நல்லா இருக்கிற மாதிரியே தான் காட்டும். என் கார்லயும் 12.5 காட்டுச்சு, அதனால தான் அதை யாருமே சந்தேகப்படல. கரண்ட் அதிகமா ஓடுறப்போ தான் அதோட குணம் தெரியும். அதனால இன்ஜினை ஓட விட்டு, பேஸ் கனமா இருக்கிற பாட்டு ஒண்ணைப் போட்டு, பாட்டு ஓடிட்டு இருக்கிறப்போவே ஆம்ப்போட பிளஸ்லயும் எர்த்லயும் மீட்டரை வைங்க. என் கார்ல ஒவ்வொரு அடிக்கும் 12.9-ல இருந்து 9.6 வரைக்கும் விழுந்துச்சு, விழுந்த கொஞ்ச நேரத்துல ஆம்ப் ப்ரொடெக்ட்டுக்குப் போச்சு, அதாவது தன்னைக் காப்பாத்திக்க தானே சத்தத்தை நிறுத்திடுச்சு. அதே நேரம் பேட்டரி டெர்மினல்ல அளந்தா 13.7-ல அசையாம நின்னுச்சு. அப்போ பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் நல்லாருக்கு, நடுவுல எங்கயோ வோல்ட் காணாமப் போகுது.

எங்க போகுதுன்னு கண்டுபிடிக்க அந்த மெல்லிசான நீள வயர். அதை பேட்டரி நெகட்டிவ்ல மாட்டி டிக்கி வரைக்கும் இழுத்துட்டு வாங்க, அந்த வயர் முனைக்கும் ஆம்ப் எர்த் டெர்மினலுக்கும் நடுவுல மீட்டர் வச்சு, பாட்டை ஓட விடுங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் பக்கம் கோளாறு. அதே மாதிரி பேட்டரி பிளஸ்ல இருந்து இழுத்து ஆம்ப் பிளஸ்ஸோட அளந்தா பிளஸ் பக்கம் எவ்வளவு போகுதுன்னு தெரியும். பிளஸ்ல இருந்து இழுக்கிறப்போ அந்த வயர்ல ஒரு சின்ன ஃப்யூஸ் போட்டுக்கங்க, தவறி பாடியில பட்டுச்சுன்னா வயர் சூடாகி கையைச் சுட்டுடும்.

போல்ட்டைக் கழட்டினப்போ லக்கோட (வயர் நுனியில மாட்டுற உலோக வளையம்) அடிப்பக்கம் சுத்தி வட்டமா கார் கலர் பெயிண்ட் ஒட்டியிருந்துச்சு, உலோகம் உலோகத்தோட பட்டது போல்ட்டு மறையில மட்டும் தான், அந்த இடம் கருத்துப் போயிருந்துச்சு. அவ்வளவு கரண்டும் அந்த மெல்லிசான மறை வழியா போயிட்டு வந்திருக்கு.

சரி பண்ற விதம்: ஆம்ப்ல இருந்து 45 சென்டிமீட்டருக்குள்ள கனமான தகடு இருக்கிற இடமா பாருங்க. ஒரு ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிய வட்டத்துக்கு உப்புத்தாளால வெள்ளித் தகடு பளபளன்னு தெரியுற வரைக்கும் தேயுங்க. பல் வாஷர் போட்டு, வயரை லக்ல நல்லா கிரிம்ப் பண்ணி, போல்ட்டு நட்டோட இறுக்குங்க. இறுக்கி முடிச்ச அப்புறம் மேல பெயிண்ட்டோ கிரீஸோ தடவுங்க, இல்லன்னா தேய்ச்ச இடம் துரு பிடிச்சு ஆறு மாசத்துல அதே பிரச்சனை திரும்ப வரும். எர்த் வயர் பிளஸ் வயர் அளவுக்கே தடிமனா இருக்கணும். சீட் பெல்ட் போல்ட்டுல எர்த் கொடுக்காதீங்க, அது உசுரு காக்குற போல்ட்டு, அதுல வாஷரும் லக்கும் சொருகி இறுக்கத்தைக் கெடுக்கக் கூடாது.

இவ்வளவுக்கும் எனக்கு ஆன நேரம் முக்கால் மணி. செலவு ஒரு லக், ஒரு வாஷர், ஒரு துண்டு உப்புத்தாள்.

4. ப்ரொடெக்ட் லைட் எரிஞ்சுட்டே இருந்தா

ஒவ்வொண்ணா கழட்டிக் கழட்டிப் பாக்கணும். ஆம்ப்பை ஆஃப் பண்ணி ஸ்பீக்கர் வயரை மட்டும் கழட்டுங்க, ஆன் பண்ணுங்க. ப்ரொடெக்ட் போயிடுச்சுன்னா பிரச்சனை ஸ்பீக்கர் வயர்லயோ சப்வூஃபர்லயோ. போகலன்னா மறுபடி ஆஃப் பண்ணி ஆர்சிஏவையும் கழட்டுங்க. பிளஸ், எர்த், ரிமோட் மூணு மட்டும் இருந்து, வோல்ட்டும் சரியா இருந்து, அப்பவும் ப்ரொடெக்ட் எரிஞ்சா தான் ஆம்ப் உள்ள கோளாறு. ஆம்ப்பை ரிப்பேருக்குக் கொண்டு போக வேண்டிய நேரம் இது ஒண்ணு தான்.

கழட்டுறப்போ ஒரு கவனம். ஆர்சிஏ மாட்டியிருக்கிறப்போ ஆம்ப் எர்த்தைக் கழட்டாதீங்க. எர்த் இல்லாத ஆம்ப் அந்தக் கரண்ட்டை ஆர்சிஏவோட ஷீல்டு வழியா ஸ்டீரியோவுக்குள்ள தேடிப் போகும், உள்ள இருக்கிற மெல்லிசான எர்த் கோடு எரிஞ்சுடும். அப்புறம் ஸ்டீரியோல இருந்தே நிரந்தரமா ஒரு இரைச்சல் வரும், அதைச் சரி பண்ண செட்டைப் பிரிக்கணும்.

அரை மணி நேரம் நல்லா ஓடி அப்புறம் ப்ரொடெக்ட் வந்தா பெரும்பாலும் சூடு. ஆம்ப் மேல கார்பெட் மூடியிருக்கா, துணிமூட்டை ஏதாவது வச்சிருக்கீங்களான்னு பாருங்க, சுத்தி ஒரு 5 சென்டிமீட்டராவது காத்து போகணும். சூடும் இல்லன்னா அடுத்தது ஓம் கணக்கு.

5. சத்தமே வரல, இல்ல கரகரன்னு வருது

லைட் பச்சையா இருக்கு, சத்தம் இல்ல. முதல்ல ஸ்டீரியோ மெனுவுக்குள்ள போய் சப்வூஃபர் அவுட் ஆன்ல இருக்கான்னு பாருங்க, இது ஆஃப்ல இருந்தது தெரியாம காரையே பிரிச்சவங்களை எனக்குத் தெரியும். அடுத்து ஆம்ப்ல இருக்கிற கெயின் நாப்பை (8-ஆவது ஸ்டெப்ல விவரம்) நல்லா குறைச்சுட்டு, ஸ்டீரியோல இருந்து வர்ற ஆர்சிஏவைக் கழட்டி, போன்ல இருந்து ஒரு ஆக்ஸ் டு ஆர்சிஏ வயர்ல நேரா ஆம்ப்புக்குப் பாட்டு கொடுங்க. அடிச்சா ஆம்ப்பும் சப்வூஃபரும் நல்லாருக்கு, கோளாறு ஆர்சிஏ கேபிள்லயோ ஸ்டீரியோலயோ.

அடிக்கலன்னா சப்வூஃபரைத் தனியா பாருங்க. வயரைக் கழட்டிட்டு ஏஏ பேட்டரியை அதோட டெர்மினல்ல ஒரு நொடி தொட்டு எடுங்க. கோன் (ஸ்பீக்கர் முன்பக்கம் அசையுற கூம்பு) லேசா முன்னாடி வந்து டொப்புன்னு ஒரு சத்தம் வரணும். பேட்டரி பிளஸ்ஸை ஸ்பீக்கர் பிளஸ்ல வச்சும் கோன் உள்ள போனா டெர்மினலுக்குப் பின்னாடி வயர் மாறியிருக்கு. அப்புறம் ரெண்டு கை விரலையும் விரிச்சு கோனை நாலு பக்கமும் சமமா மெதுவா அமுக்குங்க, உள்ள மணல் உரசுற மாதிரி தெரிஞ்சா, இல்ல எரிஞ்ச வாடை வந்தா காயில் போச்சு.

இப்போ ஓம். மீட்டரை 200 ஓம்ல வச்சு அளந்தா 4 ஓம் காயில் 3.2-ல இருந்து 3.7 பக்கம் காட்டும், 2 ஓம் காயில் 1.6-ல இருந்து 1.9. போட்டிருக்கிறதை விடக் குறைச்சலா காட்டுதேன்னு பயப்படாதீங்க, அது சரி தான். மீட்டர் ஒண்ணுமே காட்டலன்னா காயில் அறுந்திருக்கு, அரை ஓமுக்குக் கீழ போனா ஷார்ட்.

ரெட்டைக் காயில் சப்வூஃபர்ல தான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. ரெட்டை 4 ஓம்னா பேரலல்ல (பிளஸ்ஸோட பிளஸ், மைனஸோட மைனஸ்) மாட்டினா 2 ஓம், சீரிஸ்ல (ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா) மாட்டினா 8. ரெட்டை 2 ஓம்னா பேரலல்ல 1, சீரிஸ்ல 4. உங்க ஆம்ப் 2 ஓம் வரைக்கும் தான் தாங்கும்னா அதுல 1 ஓம் மாட்டினா கொஞ்ச நேரம் பிரமாதமா அடிக்கும், அப்புறம் ப்ரொடெக்ட், ஒரு நாள் நிஜமாவே எரியும். பிரிட்ஜ் பண்ணி, அதாவது ஆம்ப்போட ரெண்டு சேனலை ஒண்ணா சேத்து மாட்டுறப்போ இன்னும் கவனம், அப்போ ஒவ்வொரு சேனலும் பாதி ஓமைத்தான் பாக்கும், அதனால ஒரு சேனலுக்கு 2 ஓம் தாங்குற ஆம்ப்ல பிரிட்ஜ்ல 4 ஓமுக்குக் கீழ போகக் கூடாது. மேனுவல் கேட்டது இதுக்குத்தான்.

6. ஆக்ஸிலேட்டர் மிதிச்சா விசில் மாதிரி இரைச்சல் ஏறுது

இன்ஜின் வேகத்தோட சேந்து ஏறி இறங்குற சத்தம்னா ஆல்டர்னேட்டரோடது, எர்த் வழியாவோ ஆர்சிஏ வழியாவோ வருது. 3-ஆவது ஸ்டெப் முடிச்சாலே பாதி பேருக்குப் போயிடும். அப்பவும் இருந்தா ஆர்சிஏவும் பேட்டரி கேபிளும் ஒரே பக்கமா போகுதான்னு பாருங்க, ஒண்ணு காரோட இடது பக்கம் போனா இன்னொண்ணு வலது பக்கம் போகணும். ஆர்சிஏவை ஆம்ப்ல இருந்து கழட்டினா இரைச்சல் நிக்குதா? அப்போ அதுக்கு முன்னாடி இருக்கிற ஏதோ ஒண்ணு தான். கழட்டினாலும் நிக்கலன்னா ஆம்ப் எர்த். இரைச்சலை அமுக்குற ஃபில்டர் டப்பா கடைசி வழி மட்டும் தான், அதை முதல்லயே வாங்காதீங்க.

7. கேபிளும் ஃப்யூஸும்

ஃப்யூஸ் இருக்கிறது கேபிளைக் காப்பாத்த, ஆம்ப்பை இல்ல. அதனால அது பேட்டரியில இருந்து 45 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும். டிக்கியில ஆம்ப்புக்குப் பக்கத்துல ஃப்யூஸ் வச்சா நடுவுல இருக்கிற நாலஞ்சு மீட்டர் கேபிள் எங்க தேஞ்சு பாடியில பட்டாலும் பேட்டரியோட மொத்த கரண்டும் அதுல ஓடி கார்ல தீ பிடிக்கும். பானெட்ல இருந்து கேபிள் உள்ள வர்ற ஓட்டையில ரப்பர் வளையம் இருக்கான்னு இன்னைக்கே ஒரு தடவை பாருங்க, வெறும் தகட்டு விளிம்புல உரசிட்டு இருந்தா அடுத்த வேலை அது தான். ஃப்யூஸ் அடிக்கடி போகுதுன்னு பெருசா மாத்துறது, சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாள் சுத்துறது, கம்பி போடுறது எதுவும் வேண்டாம்.

எத்தனை ஆம்பியர்னு கணக்கு இப்படி: 500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தர்ற நிஜ பவர்) டி கிளாஸ் ஆம்ப், 80 சதவீதத் திறன்னு வச்சா 625 வாட் இழுக்கும், அதை 13.8-ஆல வகுத்தா 45 ஆம்பியர் பக்கம். இதுக்கு 4 கேஜ் சுத்தமான செம்பு கேபிள் தாராளம். ஆம்ப் மேல இருக்கிற ஃப்யூஸ்களைக் கூட்டினாலும் ஒரு அளவு கிடைக்கும், ரெண்டு 30 இருந்தா 60. பெட்டியில 2000 வாட் மேக்ஸ்னு போட்டிருக்கிறதை எந்தக் கணக்குலயும் சேக்காதீங்க.

ஒரு எச்சரிக்கை, விலை குறைஞ்ச வயரிங் கிட்ல வர்றது பெரும்பாலும் சிசிஏ, அதாவது அலுமினியத்து மேல செம்பு பூசினது. ஒரே தடிமன்ல செம்புக்கு இருக்கிறதைப் போல ஒன்றரை மடங்கு ரெசிஸ்டன்ஸ் இருக்கும். நுனியை பிளேடால சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அது தான். அதைத் தான் போடணும்னா ஒரு ரெண்டு சைஸ் தடிமனா போடுங்க. காசு செலவு பண்றதுன்னா ஆம்ப்புல பெரிய பேருக்குப் பண்றதை விட இந்தக் கேபிள்ல பண்ணுங்க.

8. கெயின், இது வால்யூம் இல்ல

ஸ்டீரியோல இருந்து எத்தனை வோல்ட் வருதோ அதுக்கு ஆம்ப்பைப் பொருத்துறது தான் கெயின். இதை முழுசா திருப்பி வச்சா சத்தம் கூடாது, சிக்னல் வெட்டுப்படும், வெட்டுப்பட்ட சிக்னல் தான் காயிலைச் சூடாக்கி எரிக்குது.

சப்வூஃபர் வயரைக் கழட்டிடுங்க. ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட் எல்லாம் பூஜ்யம். கெயின் கீழ. ஸ்டீரியோ வால்யூம் முக்கால்வாசி. 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஒண்ணை ஓட விட்டு, மீட்டரை ஏசி வோல்ட்ல வச்சு ஆம்ப்போட ஸ்பீக்கர் டெர்மினல்ல அளந்துட்டே கெயினை மெதுவா ஏத்துங்க. எத்தனை வோல்ட்ல நிறுத்தணும்னா, வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்க. 300 வாட் 4 ஓம்னா 34.6 வோல்ட், 500 வாட் 2 ஓம்னா 31.6. ஆம்ப் தர்றது, சப்வூஃபர் தாங்குறது ரெண்டுல எது குறைச்சலோ அந்த ஆர்எம்எஸ் வாட்டை எடுத்துக்கங்க. பேஸை மட்டும் உள்ள விடுற லோ பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸ் பக்கம் வச்சுத் தொடங்குங்க. இருபது நிமிஷ வேலை. முடிச்சதும் நாப் இருக்கிற இடத்தைப் போட்டோ எடுத்து வைங்க, சாமான் ஏத்தி இறக்குறப்போ கை பட்டு மாறிடும்.

9. காலைல பேட்டரி டவுன்

ராத்திரி காரைப் பூட்டிட்டுப் போறப்போ ஆம்ப் லைட் அணைஞ்சிருக்கான்னு ஒரு தடவை டிக்கி திறந்து பாருங்க. எரிஞ்சுட்டு இருந்தா யாரோ ரிமோட்டை நேரா பேட்டரி லைன்ல மாட்டியிருக்காங்க. சும்மா இருக்கிற ஆம்ப் ஒரு ஆம்பியர் இழுத்தாலும் 45 ஏஎச் பேட்டரி ரெண்டு நாள் தாங்காது.

லைட் அணைஞ்சும் பேட்டரி இறங்கினா கரண்ட் அளக்கணும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, டெர்மினலுக்கும் அந்த வயருக்கும் நடுவுல மீட்டரை 10 ஆம்பியர்ல வைங்க. அரை மணி நேரம் பொறுங்க, கார்ல இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் தூங்கப் போகணும், அதுக்கு முன்னாடி பாத்தா தப்பா தான் காட்டும். 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா சாதாரணம். அதிகமா இருந்தா ஆம்ப்போட மெயின் ஃப்யூஸைக் கழட்டிப் பாருங்க, குறைஞ்சா ஆம்ப் தான். மீட்டர் நடுவுல இருக்கிறப்போ சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பண்ணிடாதீங்க, மீட்டர் போயிடும்.

10. பெட்டியைக் கட்டுங்க

எர்த் சரி பண்ணி மூணு வாரம் நல்லா போச்சு. ஒரு நாள் குறுக்க பைக் ஒண்ணு வந்து நான் பிரேக்கை அழுத்தினேன், டிக்கியில சும்மா வச்சிருந்த பெட்டி அப்படியே வந்து பின் சீட் முதுகுல மோதுச்சு. நல்ல வேளை பின்னாடி யாரும் உக்காரல. ஆம்ப் மறுபடி ப்ரொடெக்ட். திறந்து பாத்தா பெட்டி நகர்ந்ததுல ஸ்பீக்கர் வயர் இழுபட்டு, ஒரு நரம்பு பிஞ்சு வந்து பக்கத்து டெர்மினலைத் தொட்டுட்டு இருந்துச்சு. கட்டாத பெட்டி வயரையும் கெடுக்கும்னு அன்னைக்கு தான் புரிஞ்சது.

ஆனா வயர் சின்ன விஷயம். பெட்டியும் ஸ்பீக்கரும் சேத்து 20 கிலோ சாதாரணமா வரும். 50 கிலோமீட்டர் வேகத்துல கார் மோதி நின்னா அந்த 20 கிலோ அதே வேகத்துல முன்னாடி பறக்கும், 10 மீட்டர் உயரத்துல இருந்து, அதாவது மூணாவது மாடியில இருந்து விழுற பொருளுக்கு இருக்கிற வேகம் அது. பின் சீட்ல குழந்தைங்க உக்காருற கார்னா இந்த வேலையை நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க.

ஓட்டை போட விருப்பமில்லன்னா ராட்செட் பெல்ட் ரெண்டு வாங்குங்க, லாரியில சரக்கு கட்டுற மாதிரி பல்லுச்சக்கரம் வச்சது. டிக்கி தரையில கார்க்காரங்களே கொடுத்திருக்கிற உலோகக் கொக்கிகள்ல மாட்டி, பெட்டியை பின் சீட் முதுகோட ஒட்டி வச்சு, எக்ஸ் மாதிரி குறுக்க இறுக்குங்க. கொக்கி பிளாஸ்டிக்கா இருந்தா அது பை மாட்டுறதுக்கு, அதை நம்பாதீங்க. பிளாஸ்டிக் டை, வெல்க்ரோ எல்லாம் பெட்டி வழுக்காம இருக்க உதவும், மோதல்ல அறுந்துடும்.

நிரந்தரமா கட்டணும்னா எல் கிளாம்ப் நாலு. எம்டிஎஃப் பலகையில வெறும் ஸ்க்ரூ போட்டா இழுத்தா புடுங்கிட்டு வந்துடும், சப்வூஃபரைக் கழட்டி உள்பக்கம் ஒரு மரக்கட்டை ஒட்டி, போல்ட்டு நட்டு போட்டு, ஓட்டையைச் சுத்தி சிலிகான் அடைங்க, இல்லன்னா காத்து கசிஞ்சு புஸ்ஸுன்னு சத்தம் வரும். தரையில துளை போடுறதுக்கு முன்னாடி காருக்கு அடியில படுத்துப் பாருங்க, கட்டாயம் பாருங்க, பெட்ரோல் டேங்க், பெட்ரோல் பைப், பிரேக் பைப் எல்லாம் அந்தப் பக்கம் தான் போகுது. துளை விளிம்புல துருப் பெயிண்ட் அடிச்சு, அடியில அகலமான வாஷர் போட்டு இறுக்குங்க. ஸ்டெப்னி எடுக்க வழி இருக்கான்னு போல்ட்டு போடுறதுக்கு முன்னாடி யோசிங்க, நடு ரோட்டுல பஞ்சர் ஆன அப்புறம் இல்ல.

ஆம்ப்பை சப்வூஃபர் பெட்டி மேலயே ஸ்க்ரூ பண்ணாதீங்க, அதிர்வுல நாளாவட்டத்துல டெர்மினல் லூஸாகும், உள்ள சால்டர் விடும். 12 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு ஒண்ணுல மாட்டி, அந்தப் பலகையைத் தனியா இறுக்குங்க.

11. திருட்டும் பேப்பரும்

வெளிய இருந்து தெரியாம இருக்கிறது தான் பாதி பாதுகாப்பு. டிக்கி மூடி போடுங்க, ஹேட்ச்பேக்னா கார்பெட் கலர்லயே ஒரு துணி. பிராண்ட் ஸ்டிக்கரைக் கண்ணாடியில ஒட்டாதீங்க. டிக்கி சுவரைப் பாத்த மாதிரி பார்க் பண்ணுங்க. எல் கிளாம்ப்புக்கும் ஆம்ப்புக்கும் நட்சத்திரத் தலையில நடுவுல குத்து வச்ச ஸ்க்ரூ கிடைக்கும், சாதாரண ஸ்க்ரூடிரைவருக்கு வராது, அதைப் போட்டா எடுக்க வர்றவனுக்கு நேரம் ஆகும். உங்க கிட்ட அதோட பிட் ஒண்ணு வீட்ல இருக்கட்டும், கார்ல வேண்டாம்.

பில்லுல மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் எழுதி வாங்குங்க, வெறும் ஆம்ப் ஒண்ணுன்னு எழுதின பில் எதுக்கும் உதவாது. சீரியல் ஸ்டிக்கர், பொருத்தின நிலை, வயரிங் எல்லாத்தையும் போட்டோ எடுத்து போன்ல மட்டும் இல்லாம மெயில்லயும் போட்டு வைங்க. இன்சூரன்ஸ்ல கூடுதலா பொருத்தின பொருள் தானா சேரும்னு நினைச்சுடாதீங்க, பாலிசியில அந்தப் பகுதியைப் படிச்சு, எழுத்துல தெரிவிச்சு, பதிலையும் வாங்கி வைங்க. கார் வாரண்டியில இருக்கிறப்போ கம்பெனி வயரை வெட்டாம அடாப்டர் சாக்கெட் போட்டு இணைங்க. ஆம்ப் வாரண்டிக்கு, சீல் கிழியாம பாத்துக்கங்க.

12. ரிப்பேருக்குக் கொடுக்கிறதா இருந்தா

ஒரு தாள்ல இதை எழுதிட்டுப் போங்க: பாட்டு ஓடுறப்போ பேட்டரியில எத்தனை வோல்ட், ஆம்ப்ல எத்தனை வோல்ட், சப்வூஃபர் எத்தனை ஓம், ஸ்பீக்கரும் ஆர்சிஏவும் கழட்டின அப்புறம் ப்ரொடெக்ட் எரியுதா இல்லையா. இந்த நாலு நம்பரைக் காட்டினா பேச்சே வேற மாதிரி இருக்கும். மாத்தின பழைய பொருளைத் திருப்பிக் கேளுங்க.

எல்லாம் மாட்டி முடிச்சு ஒரு வாரம் ஓட்டின அப்புறம் எர்த் போல்ட்டு, ஃப்யூஸ் ஹோல்டர் ஸ்க்ரூ, ஆம்ப் டெர்மினல், பெட்டி கிளாம்ப் இந்த நாலையும் ஒரு தடவை இறுக்கிப் பாருங்க. எனக்கு ஃப்யூஸ் ஹோல்டர் கால் சுத்து லூஸாகியிருந்துச்சு, ராட்செட் பெல்ட் ஒரு பல் தளர்ந்திருந்துச்சு. அதுக்கு அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை, பத்து நிமிஷம் ஆகும்.